29 வாரத்தில் பிறந்த மகள் ஏழு மாதமாகியும் உட்காரவில்லை, பயப்படணுமா?

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் மன்னவனூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மகள் 29 வாரத்தில் பிறந்தாள், எடை 1,150 கிராம். மதுரையில் ஏழு வாரம் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது ஏழு மாதம். இன்னும் உட்காரவில்லை. ஆனால் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தால் காலை விறைப்பாக ஊன்றி நுனிவிரலில் நிற்கிறாள். "உட்காராமலேயே நடந்துடுவா போல" என்று பாட்டிக்குப் பெருமை. பக்கத்து வீட்டுப் பையன் ஆறாம் மாதமே உட்கார்ந்துவிட்டதால் அம்மாவுக்கு அழுகை. பிள்ளை மந்தமா, வீட்டில் என்ன செய்யலாம், இதற்காகத் திரும்பவும் மலை இறங்கணுமா என்று கேட்கிறார்.

தம்பி, உட்காராததைப் பற்றி இப்போதைக்குக் கவலையே வேண்டாம். பாட்டி பெருமைப்படுகிறாரே, அந்த நுனிவிரல் நிற்பைத்தான் விவரம் தெரிந்த ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டையும் விளக்கிச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான பிசியோதெரபிதான் என் வேலை, மேல்மலை ஊர்களிலிருந்து வரும் குறைமாதக் குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் மகளை நான் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் வயசுக் கணக்கு. கர்ப்பம் 40 வாரம். உங்கள் மகள் 11 வாரம் முன்னால் வந்துவிட்டாள். ஏழு மாதம் என்றால் சுமார் 30 வாரம், அதில் 11 போனால் 19. அதாவது வளர்ச்சியைப் பார்க்கும்போது அவளுக்கு நாலரை மாதம்தான். மருத்துவமனையில் இதைத் திருத்திய வயது என்பார்கள். இரண்டு வயது முடியும்வரை உட்காருவது, தவழ்வது, பேசுவது, எடை, உயரம், தலைச்சுற்றளவு எல்லாவற்றையும் இந்த வயதை வைத்தே பார்க்க வேண்டும். நாலரை மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் உட்காருவதில்லை.

நிறைமாதக் குழந்தைகளுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து எடுத்தது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். தானாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. உங்கள் மகளுக்கு இதோடு இரண்டரை மாதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பதினோரு மாதம் தாண்டி உட்கார்ந்தாலும், இருபதாம் மாதம் நடந்தாலும் அந்த எல்லைக்குள்தான். பக்கத்து வீட்டுப் பையனை இந்தக் கணக்கில் இழுக்கவே வேண்டாம்.

இந்த வயதில் நான் பார்ப்பது வேறு. முகம் பார்த்துச் சிரிக்கிறாளா? தோளில் போட்டால் தலை தள்ளாடாமல் நிற்கிறதா? இரண்டு கையும் நெஞ்சுக்கு நடுவில் வந்து ஒன்றையொன்று பிடிக்கிறதா? குப்புறப் போட்டால் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்குகிறாளா? நீங்கள் எழுதியதில் இதைப் பற்றி எதுவும் இல்லை. இன்றைக்கே பாருங்கள்.

இனி கால். குழந்தை விறைப்பாக நின்றால் அது பலம் என்று நம் வீடுகளில் எடுத்துக்கொள்வார்கள். நாலரை மாத வயதில் கால் அப்படி இருக்கக் கூடாது. தொடையை அகட்டினால் தளர்வாக விரிய வேண்டும், பாதத்தைத் தூக்கித் தன் வாய்க்கே கொண்டுபோகும் வயது நெருங்குகிறது. 29 வாரத்தில் வெளியே வந்த குழந்தையின் மூளை மேற்பரப்பில் மடிப்புகள் இன்னும் சரியாக விழுந்திருக்காது. அங்கிருந்து 40-வது வாரத்துக்குள் மூளை இரண்டு மடங்குக்கும் மேல் வளரும். அந்த வளர்ச்சி வயிற்றுக்குள் நடக்காமல் வார்மர் வெளிச்சத்திலும் மிஷின் சத்தத்திலும் நடந்திருக்கிறது. அந்த வாரங்களில் மூளைக்குள் இருக்கும் நரம்பு இழைகளுக்கு, மின்கம்பிக்கு ரப்பர் போர்த்துவது போல மேலுறை போடும் செல்கள் உருவாகிக்கொண்டிருக்கும். ரத்த ஓட்டம் குறைந்தாலும் தொற்று வந்தாலும் முதலில் அடிபடுவது அவைதான். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றை ஒட்டிக் கீழே இறங்கும் இழைகள் காலுக்குப் போகிறவை, கைக்குப் போகிறவை கொஞ்சம் தள்ளி ஓடும். குறைமாதக் குழந்தைகளுக்கு ரத்தக்கசிவும் சேதமும் வருவது பெரும்பாலும் அந்த அறைகளை ஒட்டித்தான். மூளை முடக்குவாதம், மருத்துவமனையில் சிபி என்று சுருக்கிச் சொல்வது, இவர்களுக்கு வந்தால் கையைவிடக் காலில் அதிகம் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அந்த வார்த்தையைப் பார்த்து இடிந்துபோக வேண்டாம். இந்த அளவு முன்னால் பிறந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது வருவதில்லை. இன்னொன்று, குறைமாதத்தில் பிறந்த நிறையக் குழந்தைகளுக்கு மூன்று நாலு மாதத்திலிருந்து காலும் முதுகும் கொஞ்சம் இறுகி, பின்பக்கமாக வளைவார்கள். ஒரு வயது, ஒன்றரை வயதுக்குள் அது தானாகத் தளர்ந்துவிடும். உங்கள் மகளுடையது அந்த வகையாகவும் இருக்கலாம். எது என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. முன்பு இரண்டு வயது வரை காத்திருந்துதான் சிபி என்று பெயர் சொல்வார்கள். 2017-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலுக்குப் பிறகு அந்த வழக்கம் மாறிவிட்டது. திருத்திய வயது ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க முடியும், கண்டுபிடித்த உடனே பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பதுதான் இப்போதைய நிலை. "கொஞ்சம் பொறுங்க, குறைமாதப் பிள்ளை அப்படித்தான்" என்று யார் சொன்னாலும், சொல்பவர் டாக்டராகவே இருந்தாலும், இந்த விறைப்பு விஷயத்தில் மட்டும் கேட்காதீர்கள். திருத்திய வயது தாமதத்துக்குத்தான் சமாதானம் சொல்லும். இறுக்கத்துக்கும் ஒருபக்கச் சாய்வுக்கும் அது பதில் இல்லை.

துணி மாற்றும்போது கவனியுங்கள். தொடை இரண்டும் எளிதாக விரிகிறதா, அல்லது கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதா? தூங்கும்போதும் அந்த இறுக்கம் இருக்கிறதா, அழும்போது மட்டுமா? கட்டைவிரல் எப்போதும் முஷ்டிக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறதா? தலை ஒரே பக்கம் திரும்பியே இருக்கிறதா? பொம்மையை எந்தப் பக்கம் நீட்டினாலும் ஒரே கைதான் வருகிறதா? "இவ இடதுகைப் பழக்கக்காரி" என்று ஒரு வயதுக்குள் யாராவது சொன்னால் அதையும் காட்ட வேண்டும். அந்த வயதில் கைப்பழக்கம் வராது, இன்னொரு கை சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். காலைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டாம்.

வீட்டில் முதல் வேலை, நிற்க வைத்து விளையாடுவதை நிறுத்துவது. ஒவ்வொரு முறை நிற்க வைக்கும்போதும் அந்த விறைப்புக்கே பயிற்சி கொடுக்கிறீர்கள். உள்ளே உட்கார வைத்து ஓட விடும் பிளாஸ்டிக் வாக்கர் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. அதுவும் நுனிவிரலில்தான் தள்ள வைக்கும், படியில் உருண்டு விழுவது தனி. பழனியில் விற்கும் மரத்து நடைவண்டி வேறு ரகம். பிடித்து நிற்கத் தெரிந்த பிறகு, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு நடப்பது. அதற்குக் காலம் இருக்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கும்போது முழங்காலும் இடுப்பும் மடங்கி, இரண்டு தொடையும் உங்கள் இடுப்பை அணைத்தபடி இருக்கட்டும். நம் ஊரில் பிள்ளையை இடுப்பில் வைக்கும் முறையே இதற்குச் சரியான மருந்து, தலை நின்றவுடன் ஆரம்பிக்கலாம். அதுவரை உங்கள் மடியில், முதுகு உங்கள் நெஞ்சில் சாய்ந்து, கால் மடங்கி, கை இரண்டும் முன்னால் வருகிற மாதிரி. விழித்திருக்கும் நேரத்தில் பாயில் குப்புறப் போடுங்கள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், நாளைக்குப் பல தடவை. அழுதால் நீங்கள் சாய்ந்து படுத்து உங்கள் நெஞ்சின்மேல் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் அதே பயிற்சிதான். தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்க, சமமான கெட்டியான படுக்கையில். தூளியை விழித்திருக்கும்போது ஆட்டிச் சமாதானப்படுத்த வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க அதில் போட்டால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுக்குழல் மடங்கலாம்.

அவள் சலித்துவிட்டாள் என்பதை அழுகைக்கு முன்பே சொல்வாள். முகத்தைத் திருப்புவாள், கொட்டாவி விடுவாள், விக்கல் வரும், விரல்களை விறைத்து விரிப்பாள். குறைமாதக் குழந்தைகள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் இன்னொரு கிலுகிலுப்பையை ஆட்டாமல் சும்மா அணைத்துக்கொண்டால் போதும். கலர் பொம்மை, ஃபோன் வீடியோ எதுவும் வேண்டாம். உங்கள் முகமும் பேச்சும் தாலாட்டும்தான் இந்த வயதுக்கான சாமான்.

பாட்டியிடம் மரியாதையாகச் சொல்ல வேண்டியவை சில. இதமான எண்ணெய்த் தடவல் நல்லது, தாராளமாகச் செய்யட்டும். கைகாலை முறுக்கி இழுப்பது, மூக்கில் ஊதுவது, உரை மருந்து இழைத்துப் புகட்டுவது வேண்டாம். "உரம் விழுந்திருக்கு" என்று புடவையில் போட்டு உருட்டுவது இந்தக் குழந்தைக்கு ஆகவே ஆகாது. சாம்பிராணிப் புகையும் கூடாது, முழுதாக முதிராமல் பிறந்த நுரையீரல் அது.

நுரையீரல் என்றதும் மலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் மேலே காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைப்பது மதுரையில் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. நல்ல நுரையீரல் இதைச் சமாளித்துக்கொள்ளும். நீண்ட நாள் ஆக்சிஜன் வைத்திருந்த குழந்தைக்குக் கீழே சரியாக இருந்த அளவு மேலே வந்ததும் இறங்கலாம். பால் குடிக்கும்போது மூச்சு வாங்குவது, விலா எலும்புக்கிடையே உள்ளே குழிவது, உதடு கருப்பது, நன்றாகக் குடித்தும் எடை ஏறாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் பல்ஸ் ஆக்சிமீட்டர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உதடு கருத்தால் நாளைக்கு என்று வைக்காமல் அப்போதே.

குளிருக்கு மூடிய அறையில் கரிச்சட்டி வைப்பதை இத்தோடு விட்டுவிடுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, பெரியவர்களே தூக்கத்தில் செத்திருக்கிறார்கள். உள்ளே பருத்தி, மேலே கம்பளி, தலைக்குக் குல்லா, வெயில் ஏறிய பிறகு குளியல். செம்மறியாட்டுப் பண்ணை இருக்கிற ஊர்க்காரருக்குக் கம்பளியைப் பற்றி நான் என்ன சொல்ல. இதைவிடச் சின்னக் குழந்தையை வீட்டில் வைத்திருப்பவர் யாராவது படித்தால், அவர்களுக்கு ஒன்று: தோலோடு தோலாக நெஞ்சில் கட்டிக்கொள்ளும் கங்காரு முறையை விட்டுவிடாதீர்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது. 2021-ல் இந்தியாவும் நாலு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வில், பிறந்த உடனே இதை ஆரம்பித்த குழந்தைகளிடம் முதல் 28 நாள் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் செய்ய வேண்டும் என்று 2022-லிருந்து உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

இப்போது டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து வையுங்கள். அதில் மூன்று விஷயம் தேட வேண்டும்.

கண். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ எடை இரண்டு கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, நான்கு வாரத்துக்குள் விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்பது நம் நாட்டு நடைமுறை. ஆர்ஓபி என்று எழுதியிருப்பார்கள். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்வதற்குள் பிறந்துவிட்டதால் அவை தாறுமாறாக வளரும் நோய் அது, விட்டால் பார்வை போய்விடும். ஒரு தடவை பார்த்தார்களா என்பது போதாது. ரத்தக்குழாய் முழுதாக வளர்ந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று கடைசியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் இரண்டாவது பரிசோதனையைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது. எழுதியிருக்கவில்லை என்றால் மற்ற எதற்கும் முன் அதுதான் அவசரம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் இந்தக் குழந்தைகளுக்கு மாறுகண்ணும் கிட்டப்பார்வையும் அதிகம், ஒரு வயதையொட்டி இன்னொரு முறை காட்டுங்கள்.

காது. ஓஏஇ என்ற சோதனையில் பாஸ் என்று இருந்தால் அதோடு விடாதீர்கள். அது உள்காதை மட்டும் பார்க்கும். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்ஐசியூ) இருந்த குழந்தைகளுக்குக் காது நன்றாக இருந்து, அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் குறை இருக்கலாம். அதற்கு பெரா என்ற காது நரம்புச் சோதனை எடுக்க வேண்டும்.

மூன்றாவது, உச்சிக்குழி வழியாக எடுத்த தலை ஸ்கேன். சின்ன ரத்தக்கசிவு என்று இருந்தால் பெரும்பாலும் கரைந்திருக்கும். மூளை அறையை ஒட்டி நீர்க்கட்டிகள், அதாவது பிவிஎல் என்று எழுதியிருந்தால் கால் விறைப்பை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஸ்கேன் நார்மல் என்பது நல்ல செய்திதான், ஆனால் அதை வைத்துக் கால் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திட உணவு திருத்திய வயது ஆறு மாதத்தில், அதாவது பிறந்து எட்டரை மாதத்தில். டெல்லியில் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை வைத்து நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், திருத்திய வயது நாலாம் மாதமே ஊட்டத் தொடங்கிய குழந்தைகளுக்கு எடை கூடுதலாக ஏறவில்லை, மருத்துவமனையில் சேர்ப்பதுதான் கூடியது. இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். கடைசி மூன்று மாதத்தில் அம்மாவிடமிருந்து வாங்கிச் சேர்க்க வேண்டிய இரும்பு இவளுக்குக் கிடைக்கவே இல்லை. தடுப்பூசிக்கு மட்டும் திருத்திய வயது கிடையாது, பிறந்த தேதிக் கணக்குதான். பூம்பாறை குழந்தை வேலப்பருக்கு மொட்டை நேர்ந்திருப்பீர்கள், தெரியும். பனியும் கூட்டமும் குறைந்த மாதமாகப் பார்த்துப் போங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பூண்டுக்காட்டில் சுமை தூக்கியதால்தான் பிள்ளை முன்னால் வந்தது என்று வீட்டில் பேசுவதாக. ரத்த அழுத்தம், தொற்று, பனிக்குடம் உடைவது, கர்ப்பப்பை வாய் பலவீனம் என்று காரணங்கள் பல. நிறையப் பேருக்குக் காரணம் தெரிவதே இல்லை. இதை வைத்து அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது, இதை வீட்டில் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவர் சொன்னால் எடுபடாது. ஏழு மாதமாக அழுதுகொண்டிருக்கிறார் என்றால், தூக்கமும் சாப்பாடும் எப்படி என்று கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு மருந்து இருக்கிறது, பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு. குழந்தையின் பயிற்சி எல்லாம் அவர் கையில்தான் நடக்கப்போகிறது.

இரண்டு வயதுக்குப் பிறகு என்ன என்று பலர் கேட்பதில்லை, கேட்க வேண்டும். நடந்துவிட்டாள் என்றதும் எல்லோரும் ஃபாலோ-அப்பை நிறுத்திவிடுகிறார்கள். பேச்சு தாமதம், கவனம் நிலைக்காதது, பட்டன் போடுவது, பென்சில் பிடிப்பது, பிறகு கணக்கு என்று சின்னச் சின்னத் தடுமாற்றங்கள் மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள்தான் தெரியும். எல்லோருக்கும் வராது, வந்தால் முன்கூட்டியே உதவலாம். அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயசு விளிம்பில் இருந்தால் ஒரு வருடம் தள்ளிச் சேர்ப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆக, மலை இறங்கணுமா என்றால், ஆமாம், இந்த மாதத்துக்குள். உங்கள் ஊரிலிருந்து போய்வர ஒரு முழு நாள் போகும் என்பதால் ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் முடிக்கப் பாருங்கள். 2013-ல் வந்த ராஷ்ட்ரீய பால ஸ்வஸ்திய திட்டத்தின் கீழ் மாவட்டத்துக்கு ஒன்றாக டிஇஐசி மையங்கள், அதாவது குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மையங்கள் உண்டு. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் ஒரே இடத்தில் இருப்பது நோக்கம், கட்டணம் இல்லை. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கச் சொல்லி உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் கேளுங்கள், எந்த நாள் யார் இருப்பார்கள் என்று அவரே ஃபோனில் கேட்டுச் சொல்வார். கண்ணும் காதும் பாக்கியிருந்தால் மதுரைக்கே நேராகப் போவது மேல். போன இடத்தில் "ஹாமர்ஸ்மித் பரிசோதனை செய்து ஸ்கோர் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். குழந்தையின் தசை இறுக்கத்தையும் அசைவையும் எண்ணால் மதிப்பிடும் நரம்புப் பரிசோதனை அது. கால் மணி நேரத்துக்குள் முடியும், அடுத்த முறை வேறு யார் பார்த்தாலும் ஒப்பிட எண் இருக்கும்.

போவதற்கு முன் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் விழித்துக் கிடக்கும் குழந்தையின் உடம்பெல்லாம் சின்னச் சின்ன நெளிவசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவை இருக்கின்றனவா என்பது சிபி வருமா வராதா என்பதைப் பற்றி நிறையச் சொல்லும். அதைப் பார்க்கும் காலம் திருத்திய வயது மூன்றிலிருந்து ஐந்து மாதம் வரைதான், உங்கள் மகள் அதன் கடைசியில் இருக்கிறாள், எனவே இந்த வாரமே. பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் எல்லா ஊரிலும் இல்லை, வீடியோவை அனுப்பிவைக்கலாம் என்பதுதான் இதில் வசதி. பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, அழாமல் விழித்திருக்கும்போது, பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். அறை கதகதப்பாக இருக்கட்டும், மெல்லிய சட்டை மட்டும் போதும். பொம்மை வேண்டாம், யாரும் கூப்பிடவோ எதிரில் நிற்கவோ வேண்டாம். கால்மாட்டிலிருந்து முகமும் முழு உடம்பும் தெரிகிற மாதிரி ஃபோனை அசைக்காமல் பிடித்து ஐந்து நிமிடம். சாக்ஸைக் கழற்றிவிடுங்கள், கால்விரல் தெரிய வேண்டும்.